ரீட் வால்வின் விறைப்பு: வாசகர் கேள்வி – பதில்

டூ-ஸ்ட்ரோக் வண்டிகள் சாலைகளிலிருந்து பெரும்பாலும் விலகிவிட்டாலும், புதுச்சேரியிலும் கடலூரிலும் அவற்றை அக்கறையோடு பேணிவருகிறவர்கள் குறைந்துவிடவில்லை என்பதை இம்மாதம் வந்த கடிதங்கள் காட்டுகின்றன. அவற்றில் பல, கார்புரேட்டருக்கும் இன்ஜினின் அடி அறையான கிராங்க் கேஸுக்கும் இடையில் ஒளிந்திருந்து, மெல்லிய தகடுகளால் கலவையை ஒரே திசையில் உள்ளே விடும் ரீட் வால்வைப் பற்றியே கேட்கின்றன. ஆகவே இம்முறை இப்பகுதியை முழுவதுமாக அந்த ஓர் உறுப்புக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: பயிற்சி ஓட்டத்துக்காக 125 சி.சி. டூ-ஸ்ட்ரோக் டர்ட் பைக் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். மேல் வேகத்தில் ஓரளவு நன்றாக இழுக்கிறது. ஆனால் வளைவிலிருந்து வெளியே வரும்போது பிக்கப் இல்லை. காலையில் கிக்கரைப் பலமுறை உதைத்தால்தான் கிளம்புகிறது. ரீட் வால்வின் டென்ஷனைக் கொஞ்சம் ஏற்றினால் சரியாகிவிடும் என்று ஒருவர் சொல்கிறார். அதற்கான திருகு எங்கே இருக்கிறது? அதை நானே செய்யலாமா?
— வில்லியனூர் வாசகர்

பதில்: அப்படி ஒரு திருகு கிடையாது. கார்புரேட்டரில் ஐடிலிங் திருகும் காற்றுத் திருகும் இருப்பதால் ரீட் வால்வுக்கும் ஒன்று இருக்கும் என்று எண்ணுவது இயல்புதான். ஆனால் ரீட் வால்வின் விறைப்பு நான்கு விஷயங்களால் அமைகிறது: தகடு எந்தப் பொருளால் ஆனது, அதன் தடிமன் எவ்வளவு, திருகிப் பிடித்த இடத்துக்கு அப்பால் எவ்வளவு நீளம் அசையக்கூடியதாக நீண்டிருக்கிறது, திறக்கும்போது அது போய்ச் சாயும் ஸ்டாப்பர் எப்படி வளைந்திருக்கிறது என்பவையே அவை. விறைப்பைக் கூட்டுவதும் குறைப்பதும் இவற்றுள் ஒன்றை மாற்றுவதால் மட்டுமே நடக்கும். தகட்டை விரலால் உள்பக்கமாக வளைத்து டென்ஷன் ஏற்றியதாகச் சில பட்டறைகளில் சொல்வார்கள். அதனால் தகட்டின் முகம் சமம் இழந்து, அது அமரும் சட்டமான பிளாக்கின் மீது ஓரிடத்தில் அழுந்தியும் இன்னோரிடத்தில் தூக்கியும் நிற்கும். தயவுசெய்து அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

உங்களுக்குச் சொல்லப்பட்ட யோசனை, உங்கள் வண்டியின் குறைக்கு நேர் எதிரானது என்பதையும் சொல்ல வேண்டும். பிஸ்டன் மேலே ஏறும்போது கிராங்க் கேஸுக்குள் அழுத்தம் குறைகிறது. வெளிக்காற்றின் அழுத்தம் ரீட் தகட்டைத் தள்ளித் திறந்துகொண்டு, பெட்ரோல் கலந்த காற்றை உள்ளே செலுத்துகிறது. பிஸ்டன் இறங்கத் தொடங்கியதும் உள்ளே அழுத்தம் ஏறி, தகட்டைத் திரும்ப மூடிவிடுகிறது. தகடு விறைப்பாக இருந்தால் அதைத் திறக்கக் கூடுதல் அழுத்த வேறுபாடு தேவை. குறைந்த சுற்றுகளில் உறிஞ்சல் வலுவற்றது என்பதால், அப்போது விறைப்பான தகடு தாமதமாகவும் அரைகுறையாகவும் திறக்கும். கிளப்புவதும் கடினமாகும், கீழ்நிலைப் பிக்கப்பும் குறையும். உங்கள் வண்டி இப்போதே அந்த அறிகுறிகளைத்தான் காட்டுகிறது. இதன்மேல் இன்னும் விறைப்பைக் கூட்டினால் வளைவில் இருக்கிற கொஞ்ச இழுப்பும் போய்விடும்.

அதற்காக உடனே மெல்லிய தகட்டை வாங்கிப் போடச் சொல்லவும் மாட்டேன். விறைப்பைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால், இப்போதிருக்கும் தகடுகள் சரியாக மூடுகின்றனவா என்று பார்க்க வேண்டும். பழையதாக வாங்கிய வண்டியில், கிளப்பச் சிரமமும் கீழ்நிலைச் சோர்வும் சேர்ந்து வந்தால் நான் முதலில் ஐயப்படுவது மூடாத ரீட் தகட்டைத்தான். மூடாவிட்டால், உதைக்கும் வேகத்தில் கிராங்க் கேஸில் சேர வேண்டிய அழுத்தம் கார்புரேட்டர் வழியாகவே திரும்பிப் போய்விடும். வேகம் ஏறிய பிறகு கசிவதற்கு நேரம் குறைவு என்பதால் அந்தக் குறை அவ்வளவாகத் தெரியாது. மேலே நன்றாக இழுத்துக் கீழே சோர்வதற்கு இதுவே விளக்கமாக இருக்கலாம். ஏர் ஃபில்டரின் உள்முகம் பெட்ரோலும் ஆயிலும் படிந்து ஈரமாக இருந்தால், கலவை பின்னோக்கித் துப்பப்படுகிறது என்பதற்கு அது நல்ல சான்று.

இந்தச் சோதனையை நீங்களே செய்யலாம். வீட்டு அடுப்புக்கு அருகில் அல்லாமல், காற்றோட்டமான இடத்தில், இன்ஜின் நன்றாக ஆறிய பின் தொடங்குங்கள். ஊசுட்டேரிப் பக்கமோ திருச்சிற்றம்பலம் பக்கமோ ஓட்டிய வண்டி என்றால் கார்புரேட்டரைச் சுற்றிச் செம்மண் அப்பியிருக்கும். அதை முழுவதும் கழுவித் துடைத்த பிறகே போல்ட்டைத் தொட வேண்டும், ஏனெனில் திறந்த துளை வழியே விழும் ஒரு சிட்டிகை மண்ணும் நேராகக் கிராங்க் பேரிங்கிற்குத்தான் போய்ச் சேரும். பெட்ரோல் குழாயை மூடி, கார்புரேட்டரைக் கழற்றி, அதை இன்ஜினோடு இணைக்கும் மேனிஃபோல்டின் போல்ட்டுகளைக் குறுக்கும் மறுக்குமாகச் சிறிது சிறிதாகத் தளர்த்தி ரீட் பிளாக்கை நேராக வெளியே எடுங்கள். எடுத்தவுடன் இன்ஜின் துளையைப் பஞ்சு உதிராத சுத்தமான துணியால் அடைத்துவிடுங்கள்.

பிளாக்கைக் கார்புரேட்டர் பக்கத்திலிருந்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். தகட்டின் நுனி ஓரத்தில் வெளிச்சக் கீற்று தெரிந்தால், எவ்வளவு இடைவெளி என்பதை ஃபீலர் கேஜால் அளக்க வேண்டும். யமஹாவின் மோட்டோகிராஸ் வண்டிக் கையேடுகளில் இந்த எல்லை 0.2 மி.மீ. என்று இருக்கும்; உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள அளவே உங்களுக்கு இறுதி. அளந்த பின், ஒவ்வொரு தகட்டின் மூலைகளையும் நகத்தால் மெல்ல வருடிப் பாருங்கள். ஃபைபர் தகடு களைத்துப்போனால் முதலில் நுனி மூலையில் வெண்மையாகப் பிசிறு கிளம்பும், பிறகு சிறு துண்டாக உதிரும். தகடு அமரும் முகத்தில் ரப்பர்ப் பூச்சு இருந்தால் அதில் செம்மண் துகள் பதிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். தகடு முற்றிலும் நன்றாக இருந்தும் அதன் அடியில் பதிந்த மண்ணால் மூடாமல் நிற்பது நம் ஊர் மண்ணில் அடிக்கடி நேர்வது. பெட்ரோலில் நனைத்த துணியால் துடைத்தாலே போதும். கம்ப்ரெஸரின் காற்றுக் குழாயைப் பிளாக்குக்குள் நேராகப் பிடித்து ஊதாதீர்கள். அந்த வேகத்தில் தகடு கட்டுப்பாடின்றிப் படபடத்து நுனி விரிந்துவிடும்.

தகடுகள் நன்றாக மூடுகின்றன, முனைகளும் முழுமையாக இருக்கின்றன என்றால், அப்போதும் ரீட் வால்வை விட்டுவிட்டு வேறு இரண்டைப் பாருங்கள். உங்கள் வகை இன்ஜினில் எக்ஸாஸ்ட் துளையின் உயரத்தை மாற்றும் பவர் வால்வு இருக்கும். அது கரி படிந்து திறந்த நிலையிலேயே சிக்கிக்கொண்டால், மேலே இழுத்துக் கீழே சோரும் இதே குறைதான் வரும். குறைந்த வேகத்தில் பெட்ரோல் தரும் பைலட் ஜெட் அடைத்திருந்தாலும் கிளப்புவது சிரமமாகும். இவ்விரண்டும் சரியாக இருந்து, அதற்கு மேலும் கீழ்நிலை இழுப்பு வேண்டும் என்று தோன்றினால் மட்டுமே தகட்டின் தடிமனை ஒரு படி குறைத்துப் பார்ப்பதில் பொருள் உண்டு.

தகட்டைத் திரும்பப் பொருத்துவதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். யமஹா பிளாக்குகளில் தகட்டுக்கும் ஸ்டாப்பருக்கும் ஒரு மூலை மட்டும் வெட்டப்பட்டிருக்கும். அவ்விரு வெட்டுகளும் ஒரே பக்கம் வர வேண்டும். தகடு பிளாக்கின் சன்னலை நாலாபுறமும் சம அளவில் மூடியிருக்கிறதா என்று பார்த்து, திருகுகளின் மரையில் நடுத்தர வலிமையுள்ள லாக் பசை ஒரு சொட்டு இட்டு, இருபுறமும் மாறி மாறி இறுக்குங்கள். இந்தச் சிறு திருகுகளுக்கு யமஹா சொல்லும் முறுக்கு 1 நியூட்டன் மீட்டர் அளவுதான். சிறிய ஸ்க்ரூ டிரைவரை மூன்று விரல்களால் பிடித்துத் திருகும் பலமே ஏறக்குறைய அதைத் தந்துவிடும். அதிகமாக இறுக்கினால் தகடு பிடிப்பில் நெளிந்து நுனியில் தூக்கும். பசை இல்லாமல் விட்டால், அதிர்வில் கழன்ற திருகு கிராங்க் கேஸுக்குள் விழுந்து, அங்கிருந்து சிலிண்டர்வரை போய்ச் சுவரைக் கீறிவிடும்.

கேள்வி: 0.40 மி.மீ. தகட்டுக்குப் பதிலாக 0.45 மி.மீ. தகடு போட்டால் வண்டியின் குணமே மாறிவிடும் என்கிறார்கள். ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு, அவ்வளவு பெரிய மாற்றத்தைச் செய்யுமா?
— இயந்திரவியல் மாணவர், லாஸ்பேட்டை

பதில்: செய்யும், நீங்கள் படிக்கும் பாடத்திலேயே அதற்கான விடை இருக்கிறது. ரீட் தகடு என்பது ஒரு முனை பிடிக்கப்பட்டு மறுமுனை விடுபட்ட உத்தரம். அதன் விறைப்பு தடிமனின் மும்மடிக்கு (அதாவது கனத்துக்கு, t × t × t) நேர் விகிதத்திலும், நீளத்தின் மும்மடிக்கு எதிர் விகிதத்திலும் மாறும். 0.40 ஐ 0.45 ஆக்கினால் தடிமன் 12.5 சதவீதம் கூடுகிறது. விறைப்போ ஏறத்தாழ 42 சதவீதம் கூடிவிடுகிறது. 0.40 இலிருந்து 0.50 க்குப் போனால் விறைப்பு கிட்டத்தட்ட இரு மடங்கு. இரும்பு ஸ்கேல் ஒன்றை மேசை விளிம்பில் அழுத்திப் பிடித்து, வெளியே நீட்டிய பகுதியை விரலால் சுண்டிப் பார்த்தால், ஒரு விரல் அகலம் உள்ளே இழுத்தாலே அது எவ்வளவு முரண்டுபிடிக்கிறது என்பது கைக்குத் தெரியும்.

நீளத்தின் பங்கும் கவனிக்கத் தக்கது. 30 மி.மீ. அசையும் நீளம் 29 மி.மீ. ஆனால் விறைப்பு 11 சதவீதம் ஏறுகிறது. தகட்டைப் பிடிக்கும் பட்டை சற்று முன்னே தள்ளிப் பொருத்தப்பட்டாலே இது நிகழ்ந்துவிடும் என்பதால், இருபுறத் தகடுகளும் ஒரே கோட்டில் பிடிக்கப்பட்டிருக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறேன்.

இனி, விறைப்பு ஏன் வேண்டும் என்பதற்கு வருவோம். டூ-ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை ரீட் திறந்து மூடுகிறது. நிமிடத்துக்கு 9,000 சுற்றில் அது வினாடிக்கு 150 முறை. 11,000 சுற்றில் வினாடிக்கு 183 முறை. 9,000 சுற்றில் ஒரு முழுச் சுற்றுக்கே 6.7 மில்லி வினாடிதான் கிடைக்கிறது. அதற்குள் தகடு திறந்து, கலவையை விட்டு, திரும்பி வந்து அமர்ந்திருக்க வேண்டும். தகட்டுக்கென்று இயல்பான அதிர்வெண் ஒன்று உண்டு; இன்ஜின் அதைத் தட்டும் வேகம் அந்த அதிர்வெண்ணை நெருங்கித் தாண்டும்போது, தகடு இன்ஜினின் தாளத்துக்கு இணங்காமல் தன் போக்கில் படபடக்கத் தொடங்கும். ஸ்டாப்பரில் மோதித் துள்ளும். மூட வேண்டிய நேரத்தில் பாதி திறந்திருக்கும். பிஸ்டன் இறங்கும்போது கலவை கார்புரேட்டருக்குள் பின்னால் தள்ளப்படும். அப்படித் திரும்பிய காற்று அடுத்த சுற்றில் மறுபடி உள்ளே வரும்போது ஜெட்டிலிருந்து இன்னொரு முறை பெட்ரோலை இழுப்பதால், காற்று குறைந்து பெட்ரோல் மிகுந்த கலவையாகி இன்ஜின் மேல்சுற்றில் அடைபட்டதுபோல் முனகும்.

எனவே மென்மையான தகடு கீழே உதவி மேலே கைவிடுகிறது. விறைப்பான தகடு மேலே உதவிக் கீழே தடுக்கிறது. தடிமனைக் கூட்டினால் விறைப்பு மும்மடியாக ஏறினாலும் இயல்பு அதிர்வெண் தடிமனின் நேர் விகிதத்தில் மட்டுமே ஏறுகிறது, ஏனெனில் எடையும் கூடவே ஏறுகிறது. 0.40 க்கு 0.45 போட்டவருக்கு 42 சதவீதம் கூடுதல் விறைப்பைக் கொடுத்துக் கிடைப்பது 12.5 சதவீதம் கூடுதல் அதிர்வெண்தான். கீழ்நிலையில் இழப்பது மிகுதி, மேல்நிலையில் பெறுவது குறைவு. தடிமனை மட்டும் மாற்றி எல்லாவற்றையும் பெற்றுவிட முடியாது என்பதற்கு இந்தக் கணக்கே காரணம்.

இந்தச் சிக்கலிலிருந்து வெளியேறத்தான் பொருளும் வடிவமும் மாறின. எஃகு, கண்ணாடி இழைத் தகட்டைவிட ஏறக்குறைய எட்டு, ஒன்பது மடங்கு விறைப்பான பொருள். ஆகவே பாதித் தடிமனிலேயே அதே விறைப்பைத் தந்துவிடும். ஆனால் அடர்த்தி நான்கு மடங்கு என்பதால், பாதித் தடிமனிலும் அதன் எடை இரு மடங்காகவே இருக்கும். அதே விறைப்பில் எடை கூடியது மெதுவாகத்தான் திரும்பும். கார்பன் இழைத் தகடு கண்ணாடி இழையைவிட எடை குறைந்தும் விறைப்பு மிகுந்தும் இருப்பதால் உயர் சுற்றுகளுக்கு அது பொருந்துகிறது. போயேசென் நிறுவனம் புகழ்பெறச் செய்த இரட்டை அடுக்கு ரீட், சன்னல் வெட்டிய தடித்த தகட்டின் மேல் மெல்லிய தகடு ஒன்றை அமர்த்துகிறது. மெல்லியது குறைந்த சுற்றில் தனியே திறக்கும், தடித்தது வேகம் ஏறியதும் சேர்ந்து திறக்கும். மோட்டோ டசினாரி நிறுவனத்தின் வி-ஃபோர்ஸ் பிளாக், திறப்புகளின் எண்ணிக்கையைக் கூட்டி ஒவ்வொரு தகடும் நகர வேண்டிய தூரத்தைக் குறைத்துவிடுகிறது. எனக்கு இவற்றுள் மிகவும் மதிப்புள்ளதாகத் தோன்றுவது இந்தக் கடைசி வழிதான். தகட்டின் மீது சுமையை ஏற்றாமல், அதன் வேலையையே குறைக்கிறது என்பது பொறியியலாக அழகான சிந்தனை.

கேள்வி: ஆர்.எக்ஸ். 100 ஒன்றைக் கேப்பர் மலைப் பக்கத்துச் செம்மண் தடங்களில் ஓட்டுவதற்காக உயரமான சஸ்பென்ஷன், கட்டை டயர் எல்லாம் போட்டு மாற்றியிருக்கிறேன். ரீட் வால்வில் எஃகுத் தகடுகள் இருக்கின்றன. காற்று அதிகம் போகட்டும் என்று ஸ்டாப்பரைக் குறடால் சற்று வெளியே வளைத்துவிட்டார்கள். முதலில் நன்றாக இருந்தது போலத் தோன்றியது. இப்போது ஐடிலிங் நிற்கவில்லை. இதைத் திரும்ப உள்ளே வளைத்தால் போதுமா?
— கடலூர் முதுநகர் வாசகர்

பதில்: போதாது. வளைத்ததை மறுபடி வளைக்காமல், ஸ்டாப்பரையும் தகடுகளையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். அதுவரை அந்த வண்டியை எடுக்க வேண்டாம் என்றே கேட்டுக்கொள்கிறேன்.

ஸ்டாப்பர் என்பது தகடு எவ்வளவு திறக்கலாம் என்று தடுக்கும் வேலிக்கு மேலான ஒன்று. அதன் வளைவு, தகடு திறக்கும்போது அடியிலிருந்து நுனிவரை ஒரே சீராக வளையும்படி தாங்குகிறது. அதனால் வளைவின் சுமை தகடு முழுவதும் பரவுகிறது. குறடால் பிடித்து வளைத்த ஸ்டாப்பர் பிடித்த இடத்தில் முடங்கியிருக்கும். தகடு அந்த ஒரே கோட்டில் ஒவ்வொரு முறையும் முறிவதுபோல் மடங்குகிறது. ஆர்.எக்ஸ். 100 இன் 98 சி.சி. இன்ஜின் தன் முழுத் திறனான 11 குதிரைத்திறனைத் தரும் 7,500 சுற்றில், இது வினாடிக்கு 125 முறை நடக்கிறது. எஃகு அங்கே களைத்து, கண்ணுக்குத் தெரியாத விரிசல் தொடங்கி, ஒரு நாள் துண்டாகும். ஃபைபர் தகடு உடைந்தால் பெரும்பாலும் இன்ஜின் அதை மென்று புகையோடு வெளியேற்றிவிடும். எஃகுத் துண்டு அப்படிப் போகாது. கிராங்க் கேஸிலிருந்து டிரான்ஸ்ஃபர் துளை வழியே ஏறி, பிஸ்டனையும் சிலிண்டரையும் கீறிவிட்டுத்தான் வெளியேறும். உங்கள் ஐடிலிங் நிற்காமல் போனதே, தகடு தன் இயல்பான வடிவத்தை இழந்து மூடாமல் இருக்கிறது என்பதற்கு அறிகுறி.

முதலில் நன்றாக இருந்தது என்று நீங்கள் உணர்ந்ததை மறுக்கவில்லை. திறப்பு உயரம் கூடினால் மேல்சுற்றில் சிறிது கூடுதல் காற்று போகக்கூடும். ஆனால் தகடு திரும்பி வர வேண்டிய தூரமும் கூடுகிறது. மோதி மூடும் வேகமும் கூடுகிறது. யமஹா தன் ரீட் வால்வு அமைப்பை டார்க் இண்டக்‌ஷன் என்ற பெயரில் 1972 இல் கொண்டுவந்ததன் நோக்கமே, மேல்சுற்றுத் திறனை விட்டுக்கொடுக்காமல் கீழும் நடுவும் நன்றாக இழுக்க வேண்டும் என்பதுதான். செம்மண் மேட்டில் மெதுவாக ஏறும் வண்டிக்கு வேண்டியதும் அதே கீழ்நிலை இழுப்பு. அதைத் தருகிற பகுதியைக் கெடுத்து, அந்த மேட்டில் பயன்படாத மேல்சுற்றுக் காற்றைத் தேட வேண்டாம்.

புதிய ஸ்டாப்பரைப் பொருத்தியதும், பிளாக்கின் முகத்திலிருந்து ஸ்டாப்பர் நுனிவரை உள்ள உயரத்தை வெர்னியரால் இருபுறமும் அளந்து கையேட்டோடு ஒப்பிடுங்கள். அனுமதிக்கும் விலகல் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் சில பங்குதான். இருபுறமும் ஒன்றுக்கொன்று சமமாக இருக்க வேண்டும். எஃகுக்குப் பதில் ஃபைபர் தகட்டுக்கு மாறுவதென்றால் அதே தடிமனில் வாங்கக் கூடாது என்பது மேலே சொன்ன கணக்கிலிருந்தே விளங்கும். ஸ்டாப்பர் இல்லாமல் ஓடும்படி வடிவமைத்த ஃபைபர் தகடுகளும் கிடைக்கின்றன. அவற்றோடு வரும் குறிப்பில் ஸ்டாப்பரைக் கழற்றச் சொல்லியிருந்தால் மட்டும் கழற்றுங்கள். எஃகுத் தகட்டை ஸ்டாப்பர் இல்லாமல் ஒரு நிமிடமும் ஓட்டக் கூடாது.

நீங்கள் கடலுக்கு அருகில் இருப்பதால் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் தடங்கள் சேறாகி வண்டியை மாதக்கணக்கில் நிறுத்திவைப்பவர்கள், கார்புரேட்டரில் பெட்ரோலை அப்படியே விட்டுவிடுகிறார்கள். இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம்வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும் தன்மையுடையது. உப்புக்காற்றும் அந்த ஈரமும் சேர்ந்தால் எஃகுத் தகட்டில் புள்ளி புள்ளியாகத் துரு விழும். ஒவ்வொரு துருப்புள்ளியும் விரிசல் தொடங்குவதற்கான இடம். நிறுத்துவதற்கு முன் குழாயை மூடி, இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு, கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தை வடித்துவிட்டு, ரீட் பிளாக்கில் டூ-ஸ்ட்ரோக் ஆயிலை மெல்லிய படலமாகப் பூசிவைத்தால் தகடு தப்பிக்கும். துருப்புள்ளி விழுந்த தகட்டை எமரி தாளால் தேய்த்துத் திரும்பப் பொருத்த வேண்டாம். தேய்த்த இடத்தில் தடிமன் குறைந்து விறைப்பும் மாறிவிடும்.

கேள்வி: எங்கள் ஃபைபர் படகில் டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்டு இன்ஜின் இருக்கிறது. அதிலும் ரீட் வால்வு உண்டு என்று அறிந்தேன். பைக்குக்குச் செய்வது போல அதற்கும் விறைப்பான தகடு போட்டால் அலையில் தள்ளும் வலு கூடுமா?
— தேவனாம்பட்டினம் வாசகர்

பதில்: கூடாது ஐயா. அவுட்போர்டு இன்ஜின் முழு வேகத்தில் ஓடுவதே பெரும்பாலும் 5,000 முதல் 5,500 சுற்றுக்குள்தான். அங்கே தகடு வினாடிக்குத் தொண்ணூறு முறை அளவில் திறந்து மூடுகிறது. படபடக்கும் எல்லைக்கே அது போவதில்லை. உற்பத்தியாளர் கொடுத்த தகடே அதற்குச் சரியானது. விறைப்பைக் கூட்டினால், அலைகளுக்கு நடுவே வேகத்தைக் குறைத்து நிற்கும்போது இன்ஜின் அணைந்துவிடும் அபாயம்தான் கூடும். கடலில் அது விளையாட்டல்ல.

நீங்கள் கவனிக்க வேண்டியது மூடும் தன்மையை. ஒன்றுக்கு மேற்பட்ட சிலிண்டர் உள்ள இன்ஜினில் ஒரு சிலிண்டருக்குரிய ரீட் தகடு மட்டும் நுனி உடைந்திருந்தால், இன்ஜின் கிளம்பும், வேகமெடுத்தால் ஓடும், ஆனால் மெதுவோட்டத்தில் இழுத்து இழுத்து நிற்கும். கார்புரேட்டர் வாயில் எண்ணெய்ப் புகைபோல் கலவை துப்பும். மண்ணெண்ணெயில் ஓட்டும் இன்ஜின் என்றால் தகட்டின் மீது பிசுபிசுப்பான படிவு சேர்ந்து ஒட்டிக்கொள்வதும் உண்டு. இன்ஜின் எப்போதாவது கடல் நீரில் மூழ்கிவிட்டால், அன்றைக்கே நன்னீரில் அலசி, ரீட் பிளாக்கையும் கழற்றித் துடைத்து எண்ணெய் பூசுங்கள். மறுநாள் என்று விட்டால் எஃகுத் தகட்டில் உப்பு அரிப்பு தொடங்கிவிடும்.

கேள்வி: டர்ட் பைக்கில் பழைய ரீட் தகடுகளை எடுத்துவிட்டு ஒரு படி மெல்லிய தகடுகளைப் போட்டேன். கீழ்நிலை இழுப்பு நன்றாகவே கூடியது. ஆனால் ஆக்ஸிலேட்டரை மூடியும் இன்ஜின் வேகம் உடனே இறங்காமல் சிறிது நேரம் தொங்குகிறது. பழையபடி தடித்த தகட்டையே போட்டுவிடலாமா?
— பாகூர் வாசகர்

பதில்: தகட்டை மாற்ற வேண்டாம், கலவையைப் பாருங்கள். ஆக்ஸிலேட்டரை விட்ட பிறகும் வேகம் தொங்கி நின்றால், பெட்ரோலுக்குக் காற்று மிகுந்துவிட்டது என்று பொருள். அதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, மெல்லிய தகடு குறைந்த சுற்றில் கூடுதல் காற்றை விடுவதால், பழைய தகட்டுக்கு அமைத்த பைலட் ஜெட் இப்போது போதாமல் இருக்கலாம். மற்றொன்று, நீங்கள் பிளாக்கைக் கழற்றி மாட்டியபோது பேக்கிங் சரியாக உட்காராமல், வெளிக்காற்று பக்கவாட்டில் நுழையலாம்.

இரண்டாவதை முதலில் விலக்குங்கள். இன்ஜின் ஐடிலிங்கில் இருக்கும்போது மேனிஃபோல்டு சேரும் விளிம்பைச் சுற்றி ஆயில் டப்பாவால் கெட்டியான ஆயிலைச் சொட்டச் சொட்ட இட்டுப் பாருங்கள்; ஓரிடத்தில் ஆயில் உள்ளே இழுக்கப்பட்டு, அந்தக் கணமே இன்ஜினின் ஓசை மாறினால் கசிவு அங்கேதான். சூடான சைலன்சருக்கு அருகில் பெட்ரோலையோ கார்புரேட்டர் ஸ்ப்ரேயையோ இதற்குப் பயன்படுத்த வேண்டாம். பழைய பேக்கிங்கின் மீது சிலிகான் பசையைத் தடவி ஒப்பேற்றுவதைவிடப் புதிய பேக்கிங் போடுவதே நல்லது, ஏனெனில் பசையின் பிசிறு உள்ளே விழுந்து தகட்டின் அடியில் ஒட்டிக்கொண்டால் மறுபடி மூடாத வால்வுதான். கசிவு எங்கும் தெரியாமல், தகடு மாற்றுவதற்கு முன்பிருந்தே வேகம் தொங்கும் பழக்கம் சிறிது இருந்ததென்றால், கிராங்க்கின் ஆயில் சீலையும் ஐயப்பட வேண்டும்.

கசிவு இல்லை என்று உறுதியானால் காற்றுத் திருகைக் கால் சுற்று உள்ளே திருகிப் பாருங்கள். அது ஒரு சுற்றுக்கும் குறைவாகவே திறந்திருக்கும் நிலையில்தான் இன்ஜின் ஒழுங்காக ஓடுகிறது என்றால் பைலட் ஜெட்டை ஒரு அளவு பெரிதாக்குங்கள். பாதி ஆக்ஸிலேட்டரிலும் தயக்கம் இருந்தால் ஊசியின் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்கி, ஊசியைச் சற்று உயர்த்துங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றி, ஒவ்வொன்றுக்குப் பிறகும் இன்ஜினை நன்றாகச் சூடாக்கி ஓட்டிவிட்டு, பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வெள்ளைப் பீங்கான் முனை பழுப்பு நிறத்தில் இருக்க வேண்டும். அது வெளுத்துக் கிடந்தால், இன்னொரு சுற்று ஓட்டிப் பார்க்கலாம் என்று வண்டியைக் கிளப்பாதீர்கள். காற்று மிகுந்த கலவையில் முழு வேகம் போனால் பிஸ்டன் ஜாம் ஆவதற்குச் சில நிமிடங்களே போதும். ஜெட்டை மாற்றிய பிறகு கிளப்புங்கள்.